இருபத்திரண்டாவது கோப்பை

பதினேழாவது கோப்பை. கரண்டியில் எடுத்து, உதட்டருகே வைத்து, சத்தத்தோடு உறிஞ்சுகிறேன். தேநீர் வாய்க்குள் தூறலாக உடைந்து அண்ணத்திலும் கன்னத்திலும் நாக்கின் அடியிலும் தெறிக்க வேண்டும். மூன்று விநாடி. பிறகு, காலால் தள்ளிக்கொண்டே வரும் சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். “தெளிவு. கொஞ்சம் மெலிசு,” என்கிறேன். பின்னால் வரும் லில்லி ருசிப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறாள். வடக்கு பார்த்த நீள ஜன்னலின் கீழ் நாற்பத்தெட்டு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்த வார ஏலத்துக்கு வந்திருக்கும் நாற்பத்தெட்டுத் தொழிற்சாலைகளின் தேயிலை. குன்னூரில் இந்த நேரத்தில் இதைப் போன்ற அறைகளில் இன்னும் சில பேர் இப்படித்தான் உறிஞ்சித் துப்பிக்கொண்டிருப்பார்கள். பத்தொன்பது வருடமாக எனக்கும் இதுதான் வேலை. முன்பெல்லாம் அந்த மூன்று விநாடிக்குள் தேயிலை மட்டும்தான் இருந்தது. இப்போது கூடவே அதுவும் இருக்கிறது. நாக்கின் இடது ஓரத்தில், கடவாய்ப்பல்லுக்கு நேராக, ஒரு சின்ன மேடு. துப்பி முடித்ததும் நாக்கு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்து அதைப் பல்லில் அழுத்திப் பார்க்கிறது. இருக்கிறதா? இருக்கிறது. நேற்றைவிடப் பெரிதா? தெரியவில்லை. முதலில் கடுகு மாதிரி இருந்தது. பிறகு மிளகு. இப்போது என்ன மாதிரி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒரு தானியத்தின் பெயர் வைத்தால் அடுத்த தானியம் வந்துவிடுகிறது. வலிப்பதில்லை. வலித்தால் தேவலை. வலிப்பது புண், ஆறிவிடும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று தெரியவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டதாகக்கூட இருக்கலாம். பதினெட்டு. உறிஞ்சு, பிடி, துப்பு. “பரவாயில்லை. முடிவுல ஒரு கசப்பு.” எழுதும் சத்தம். பதினோரு வாரம் ஆகிறது.

டாக்டர் ஜெசிந்தா சொன்னது இரண்டு வாரம். மேல் கடைவீதியில் மருந்துக் கடைக்கு மாடியில் அவருடைய பல் மருத்துவமனை. காத்திருக்கும் இடத்தின் சுவரில் வாய் நோய்கள் பற்றிய ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. அதில் எட்டு வாய்கள், எதற்கும் முகம் கிடையாது. நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், ஆனால் எட்டையும் பார்த்தேன். ஐந்தாவது வாய் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே அவர் கையுறை போட்ட விரலால் நாக்கைத் துணியோடு பிடித்து இழுத்து, அந்த மேட்டை உருட்டிப் பார்த்து, பிறகு தாடைக்கு அடியில், கழுத்தில், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பார்த்தார். கழுத்தில் எதற்குத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. “வெத்தல, புகையில?” “இல்ல டாக்டர்.” “சிகரெட்?” “என் வேலைக்கு அதெல்லாம் ஆகாது.” “நல்லது. இங்க ஒரு பல்லு ஓரம் ஒடஞ்சிருக்கு பாருங்க. நாக்கு அதுல ஒரசி ஒரசித் தடிச்சிருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். உதட்ட அடிக்கடி கடிச்சா எச்சில் சுரக்கிற எடம் அடைச்சு நீர் கோத்துக் கட்டியாகும். சிலருக்கு எச்சில் குழாயில கல்லு வரும். மருவும் வரும். வாய்க்குள்ள வர்றதெல்லாம் அதுன்னு பயப்பட வேண்டாம்.” அது என்றார். பெயர் சொல்லவில்லை. பல்லின் ஓரத்தை ராவி வழவழப்பாக்கினார். “இனி ஒரசாது. ரெண்டு வாரத்துல கொறையணும். கொறையலன்னா சும்மா விடக் கூடாது. மரத்துப்போக ஊசி போட்டு முழுசா எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடுவோம். கால் மணி நேர வேலை. ரெண்டு தையல்.” நான் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. “ருசி போயிடுமா டாக்டர்?” அவர் சிரித்தார். “ருசியெல்லாம் போகாது. வெட்டுற எடத்துல கொஞ்ச நாள் மரத்தாப்ல இருக்கலாம்.” இருக்கலாம். பெரும்பாலும். இந்த இரண்டு சொற்களையும் பதினோரு வாரமாக வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் என்றால் பத்துக்கு ஒன்பதா, பத்துக்கு ஆறா? கொஞ்ச நாள் என்றால் எத்தனை ஏலம்? பத்தொன்பது. உறிஞ்சு. புகை. லேசாக. “புகை இருக்கு. இலை உலத்துற அடுப்பப் பாக்கச் சொல்லுங்க.” “போன வாரமும் இவங்களுக்குப் புகைன்னுதான் சார் எழுதினோம்,” என்கிறாள் லில்லி. “அப்ப அவங்க இன்னும் பாக்கல.” நாக்கு சாய்கிறது. அழுத்துகிறது. இருக்கிறது.

பார்க்கவில்லை. யாரும் எதையும் பார்ப்பதில்லை. நானும் டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. இரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்து, கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அடுத்த திங்கட்கிழமை, அப்படியேதான் இருக்கிறது, கூடவில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு அடுத்த வாரம் குளியலறை விளக்கு சரியில்லை என்று தோன்றியது. இடையில் திரிபலா கொப்பளித்தேன், நல்லெண்ணெய் கொப்பளித்தேன், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கினேன். மனைவி கோமதியிடம் மணத்தக்காளிக் கீரை கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் கீரை. “என்னங்க இது, திடீர்னு கீர மேல இத்தன பாசம்? ஒரு பக்கமாவே வேற மெல்லுறீங்க?” என்று கேட்டாள். பல் கூசுகிறது என்றேன். அவள் பற்பசையை மாற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். அரை நிமிடத்தில் நாக்கின் இடது பாதி செத்துவிட்டது. களிம்பு மரக்க வைக்கும் என்று குழாயிலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. கோமதி கோயிலுக்குப் போயிருந்தாள். சமையலறையில் நின்று உப்பை வைத்துப் பார்த்தேன், சர்க்கரையை, எலுமிச்சம் பழத்தை. எல்லாம் ஈரமாக மட்டும் இருந்தன. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் என்னவாக இருந்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. உணர்வு திரும்பி வந்ததும் முதலில் அந்த மேட்டைத்தான் தொட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கும் வந்தது. இரவில் படுக்கும்போது அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். அப்பா கண்டியிலிருந்து கப்பலில் வந்து கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், வெற்றிலை ஒரு நாளும் வாயை விட்டு இறங்காது. அவருக்கு நாக்குக்கு அடியில் வீங்கியது. தொழிலாளர் லயத்து வீட்டில் எல்லோரும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா அழுதாள். கடைசியில் தோட்டத்து டாக்டர் பஞ்சை வைத்து அழுத்த, ஒரு கல் வந்து விழுந்தது, அரிசி மாதிரி. அப்பா அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். “எங்கட வாயில விளஞ்சது.” அந்தத் தீப்பெட்டியைப் பதினோரு வாரமாக நான் விடவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சாப்பிடும்போது வீங்கும், சாப்பிட்டு முடித்தால் வற்றும். எனக்கு வற்றுவதில்லை. அவருக்கு வந்தது நாக்குக்கு அடியில். எனக்கு ஓரத்தில். இதெல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பி வந்துவிடுகிறேன்.

இருபது முடிந்தது. இருபத்தொன்று. ஒரு வாய் எடுத்து உருட்டிக்கொண்டிருக்கும்போது லில்லி பின்னாலிருந்து சொல்கிறாள்: “சார், இந்த ஃபேக்டரி ஓனர் முந்தாநேத்து ஃபோன் பண்ணாரு. எங்க டீயக் குடிச்சிட்டு உங்க சார் கண்ண மூடினாரான்னு கேட்டாரு.” நான் திரும்புகிறேன். “மூடினாரு, தொறக்க வெக்கத்தான் தண்ணி தெளிக்க வேண்டியதாப்போச்சுன்னேன்.” சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, வாயில் தேநீர். தொட்டியை நோக்கிக் குனிவதற்குள் புரையேறி, பல் எதன் மேலோ மூடித் திறக்கிறது. சுருக்கென்று ஒரு வலி. உடனே போய்விட்டது. “சாரி சார், சாரி.” “உங்கள இந்த ரூமுக்குள்ள விட்டதே தப்பு,” என்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவர்கிட்ட சொல்லுங்க, சிரிச்சேன்னு. நல்ல துடிப்பு. போடுங்க.” இருபத்திரண்டு. மணிக்கல் தொழிற்சாலை. இலை நன்றாக இருக்கிறது, வெந்த இலை செம்பு நிறம். உறிஞ்சுகிறேன். இரும்பு. சந்தேகமே இல்லை, நாக்கின் நடுவிலிருந்து தொண்டை வரை இரும்பு. துப்பிவிட்டு இன்னொரு கரண்டி எடுக்கிறேன். இரும்பு. இலையை அரைக்கிற உருளைகளுக்குப் பல் தீட்டினால் சில சமயம் இந்த ருசி வரும், இரும்புத் தூள் இலையோடு போய்விடும். “இரும்பு,” என்கிறேன். லில்லியின் பேனா நிற்கிறது. “மணிக்கல்லயா? அவங்க சுத்தமா ஓட்டுறவங்களாச்சே.” “இரும்புன்னா இரும்பு, லில்லி.” எழுதுகிறாள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதிவேட்டின் இந்தப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். இரும்பு என்று போனால் இந்தச் சரக்கு ஏலத்திலிருந்து வெளியே. அவர்கள் இயந்திரத்தை நிறுத்தி உருளைகளைக் கழற்றுவார்கள். இரண்டு நாளைக்கு இலை எடுக்க மாட்டார்கள். சுற்றியிருக்கிற சிறு விவசாயிகள் பறித்த இலையைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பார்கள், இலை சாக்குக்குள்ளேயே சூடேறிக் கறுக்கும். நான் சொன்னால் சொன்னதுதான். யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்த வாயை வைத்திருக்கிறார்கள்.

இருபத்துமூன்று. இரும்பு. கொஞ்சம் குறைவு, ஆனால் அதேதான். இது கூடலூர்ப் பக்கத்துத் தேயிலை, மணிக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “இதுலயும்,” என்கிறேன். இருபத்துநான்கு. இதிலும். மூன்று மலையில் மூன்று பேர் ஒரே வாரத்தில் உருளை தீட்ட மாட்டார்கள். நான் நிமிர்கிறேன். “போஜன்!” போஜன் வெந்நீர் அடுப்படியிலிருந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். ஐம்பத்தெட்டு வயது. இங்கே என்னைவிடப் பழையவர். நிறுப்பதும் கொதித்த தண்ணீரை ஊற்றுவதும் ஐந்து நிமிடம் ஆனதும் வடிப்பதும் அவர்தான். “கெண்டி எதுல தேச்சீங்க?” “எப்பவும் போலத்தான் சார். தேங்கா நாரு.” “இரும்பு நாரு போட்டீங்களா?” அவர் முகம் மாறுகிறது. “இரும்பு நாரா? நானா?” “மூணு கப்புல இரும்பு அடிக்குது. தண்ணியிலதான் இருக்கணும்.” “அப்ப நாப்பத்தெட்டுலயும் அடிக்கணுமே சார். ஒரே கெண்டித் தண்ணிதானே?” “ரெண்டாவது கெண்டி மாத்தியிருப்பீங்க.” “மாத்தினது முப்பதுக்கு மேல. சார், இருபத்தாறு வருசமா தண்ணி கொதிக்க வெக்கிறேன். தொரை மாருங்க காலத்து ஆளுங்ககூட எங்கிட்ட இந்த மாதிரி கேட்டதில்ல. வேணும்னா கெண்டிய எடுத்துட்டு வர்றேன், மோந்து பாருங்க.” “மோந்து பாத்து என்ன பண்றது, போஜன்?” “அப்ப நக்கிப் பாருங்க!” என்கிறார். லில்லி இருமுகிறாள். அவர் வேகமாகப் போய்க் கெண்டியையே கொண்டுவந்து மேசையில் வைக்கிறார், டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தானே குடிக்கிறார், எனக்கும் ஒன்று ஊற்றுகிறார். லில்லி இருபத்திரண்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, என்னைப் போல உறிஞ்சாமல், சாதாரணமாகக் குடிக்கிறாள். “எனக்கு டீ மாதிரித்தான் சார் இருக்கு. நான் என்ன கண்டேன்.” நான் டம்ளரை வாங்கிக்கொள்கிறேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. வாயில் வைத்ததும் இரும்பு. சரி, தண்ணீர்தான், நான் சொன்னது சரி. ஒரு நொடி அப்படித்தான் நினைக்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகக்கூட இருக்கிறது. பிறகு துப்பக் குனிகிறேன். தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு. இவ்வளவு நேரம் துப்பியது தேநீர், அதில் எது எந்த நிறம் என்று யாருக்குத் தெரியும். இப்போது வெறும் தண்ணீர். ஓரத்தில் பட்டு வழிகிறது, இளஞ்சிவப்பாக, நடுவில் நூல் போல ஒரு சிவப்பு. நான் உடம்பால் தொட்டியை மறைத்துக்கொள்கிறேன். மறைத்துக்கொண்டேன் என்பதே அப்புறம்தான் தெரிகிறது. யாரும் பார்க்கவில்லை. போஜன் கெண்டியின் மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருக்கிறார், உள்ளே பாருங்க, பாருங்க என்று. காலால் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். கீழே தேங்கியிருக்கும் தேநீர் அலம்பி அதைக் கொண்டுபோய்விடும். தலைவலி, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லலாம். நாளைக்கு ரத்தம் நின்றிருக்கும். மூன்றையும் மறுபடி ருசித்து, மாற்றி எழுதச் சொல்லலாம். ஆனால் பக்கம் இன்றைக்கே போகிறது. லில்லியிடம் நிறுத்தி வைக்கச் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் போஜனின் கெண்டி என்று சொல்லலாம். அவள் அதை எழுதுவாள். அவரும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறவர், எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார். என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இந்த மேட்டுக்காக ஒரு மனிதனைத் திருடனைப் பிடித்த மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறேன். பல் பட்டதால்தான் ரத்தம். பட்டால் எதுவும்தான் ரத்தம் வரும். அது சரி. முன்பு கடிபடாமல் இருந்ததே? இப்போது பல்லுக்கு நடுவே எட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. பல்லை ராவிவிட்டார்கள், அது உரசவில்லை, அப்படியும் வந்துவிட்டது. உரசலால் வந்தது என்றால் உரசல் நின்ற பிறகு வளரக் கூடாது. இந்தக் கணக்கு எனக்கு மூன்றாவது வாரமே தெரியும். தெரிந்த இடத்துக்குப் பதினோராவது வாரம் இந்தத் தொட்டியின் ஓரத்தில் வந்து நிற்கிறேன். வாயில் இன்னும் கசிகிறது. உப்பும் இரும்பும். நான் ருசித்ததிலேயே தவறில்லாமல் சொன்னது இன்றைக்கு இதைத்தான், ஆனால் இது எந்தத் தொழிற்சாலையிலும் விளையவில்லை.

“போஜன், கெண்டிய உள்ள வையுங்க,” என்கிறேன். “அதுல ஒண்ணும் இல்ல. தப்பு என் மேல.” அவர் நம்பாமல் பார்க்கிறார். “லில்லி, இருபத்திரண்டு, இருபத்துமூணு, இருபத்துநாலு மூணையும் அடிச்சிடுங்க.” “அடிச்சிட்டு?” “முதல்ல இங்க வாங்க.” தொட்டியிலிருந்து விலகி நிற்கிறேன். அவள் வந்து ஓரத்தைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கை வலது பக்கமாக ஒதுக்குகிறேன். முன்பின் யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். லில்லி கைபேசியின் விளக்கைப் போட்டு, சுத்தமான கரண்டி ஒன்றை எடுத்துக் கன்னத்தை நகர்த்திப் பிடிக்கிறாள். அவளுடைய மூச்சு என் தாடையில் படுகிறது. தொழிற்சாலைக்காரர்கள் இந்த அறையில் வந்து நிற்பார்கள், நான் உறிஞ்சும்போது என் புருவத்தையே பார்த்துக்கொண்டு. அவர்கள் எப்படி நின்றார்களோ அப்படித்தான் நிற்கிறேன். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. போஜனும் கெண்டியோடு கிட்ட வந்து எட்டிப் பார்க்கிறார். “அய்யோ சார்,” என்கிறார் மெதுவாக. “கடிச்சிட்டீங்க.” “கடிக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு,” என்கிறாள் லில்லி. கரண்டியை எடுக்கிறாள். “பெருசா இருக்கு சார். எத்தன நாளா?” இவ்வளவு நாளில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. பெருசு. ஏதோ ஒரு பிடி விட்டுப்போனது போல இருக்கிறது. “பதினோரு வாரம்.” “வீட்ல மேடத்துக்குத் தெரியுமா?” “தெரியாது.” “உங்களையெல்லாம்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறாள். “டாக்டர் யாரு?” பெயரைச் சொல்கிறேன். ஜன்னல் ஓரமாகப் போய்க் கைபேசியில் பேசுகிறாள், என் வயதைச் சொல்கிறாள், ஆமா, நாக்கோட ஓரம், இல்ல, ரத்தம் இப்பத்தான் என்கிறாள். “பன்னண்டு மணிக்கு வரச் சொல்றாங்க. இன்னைக்கே எடுத்துடலாமாம், எடுத்தாத்தான் என்னன்னு தெரியுமாம். போஜன், வண்டிக்குச் சொல்லுங்க.” போஜன் கெண்டியைக் கீழே வைக்காமலே வாசலுக்குப் போகிறார்.

நான் மேசைக்கு வருகிறேன். லில்லி அளவுகோலை வைத்து மூன்று பதிவுகளின் மேலும் ஒவ்வொன்றாகக் கோடு இழுக்கிறாள். அடித்த பதிவுக்கு நேரே காரணம் எழுத வேண்டும், அதை ருசித்தவர் தன் கையாலேயே எழுத வேண்டும், அது இங்கே வழக்கம். பேனாவை என் பக்கம் நீட்டிவிட்டு அவள் கோப்பைகளைப் பார்த்தபடி நிற்கிறாள். காரணம் எழுதும் கட்டம் சின்னது. பெரும்பாலும் ‘மறு ருசி’ என்று எழுதிவிட்டுப் போவோம். இன்றைக்கு எழுதுகிறேன்: ‘தேயிலையில் குறை இல்லை. ருசித்தவர் நாக்கில் கட்டி, ரத்தம்.’ கட்டத்துக்குள் அடங்காமல் கடைசிச் சொல் வெளியே போய்விட்டது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போடுகிறேன்.